ஈரக்கோடு

மட்டையை இன்னொரு தடவை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் என்ன என்று புஷ்பலீலாவுக்குத் தோன்றியது. ஏற்கெனவே இரண்டு தடவை விட்டுப் பார்த்தாயிற்று, மூன்றாவது தடவை விட்டால் மட்டும் தண்ணீர் இரக்கப்பட்டு மேலே ஏறி நிற்கப் போகிறதா, நிற்காது, ஆனாலும் கை கேட்கவில்லை. முழங்கால் அளவு செம்மணலில் புதைந்து நின்ற மழைத் தண்ணீர்த் தொட்டியின் மூடியை மறுபடி நகர்த்தி, பனை மட்டையைச் செங்குத்தாக இறக்கி, அடியில் முட்டியதும் எடுத்தாள். ஈரம் அதே இடத்தில்தான் நின்றது. துணிக் கோட்டுக்கு நாலு விரல் கீழே. மட்டையில் கத்தியால் கீறிய கோடுகள் மூன்று. மேல் கோடு குளியல், நடுக் கோடு துணி, கீழ்க் கோடு குடி. குளியல் கோட்டுக்கு மேலே தண்ணீர் நிற்கிற வரையில் தலைக்கு ஊற்றிக் குளிக்கலாம், அதற்குக் கீழே போனால் அரை வாளி. துணிக் கோட்டுக்குக் கீழே போனால் அழுக்குத் துணியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஊருக்குள் கோயில் கிணற்றடிக்குப் போக வேண்டும். குடிக் கோட்டுக்குக் கீழே போய்விட்டால் தண்ணீர் தொண்டைக்கு மட்டும்தான், தன் தொண்டை, அவர் தொண்டை, ஆட்டின் தொண்டை. அந்தக் கோடுகளுக்குப் பெயர் வைத்ததும் அவள்தான், கீறியதும் அவள்தான். ஆவணி பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, இப்போது ஈரம் துணிக் கோட்டுக்கு மேலே ஒரு சாணாவது நிற்க வேண்டும், எல்லா வருசமும் நின்றிருக்கிறது, மழை வர ஐப்பசி ஆகும். மட்டையைச் சேலையில் துடைத்துச் சுவரோரம் சாய்த்துவைத்தாள். அவரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

அவர் என்பது பால்துரை, தூத்துக்குடியில் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு வாங்கியவர், ஓய்வு என்ற சொல்லுக்கு அர்த்தம் மட்டும் இன்னும் வாங்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு வந்து இறங்கிய இடம் யாருக்கும் வேண்டாத தேரி நிலம், அவருடைய அப்பா விட்டுப்போனது, பங்கு பிரிக்கும்போது அண்ணன் தம்பி யாரும் கையைக்கூட நீட்டாத நிலம். எட்டிய மட்டும் சிவப்பு மணல், நடுவில் உடை மரம், முந்திரி காய்க்கிற கொல்லாமரம், பனை. போர் போட்டுப் பார்த்தார்கள், உப்பு. விட்டுவிட்டு வருவார் என்று பார்த்தால், மனுசன் மணலைச் சாக்கில் அள்ளி அடுக்கி வீடே கட்டிவிட்டார். சாக்கு வாயெல்லாம் தைத்தது அவள். தூத்துக்குடியில் எத்தனை பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள், பாவாடையும் ஜாக்கெட்டுமாகத் தைத்த கை, கடைசியில் ஒரு வீட்டுச் சுவரைத் தைத்தது. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். அடுப்பைத் திறந்தாள். ஆட்டுப் புழுக்கையும் சாணமும் கரைத்த தொட்டியிலிருந்து வருகிற வாயு, நீலமாகப் பிடித்துக்கொண்டது, காலையில் அந்தச் சின்னச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். கருப்பட்டிக் காப்பிக்குத் தண்ணீர் வைக்கப் போன கை ஒரு நொடி நின்றது. இரண்டு டம்ளருக்கு வைக்கவா, ஒன்றரைக்கு வைக்கவா. சீ, காப்பியில் போய் என்ன மிச்சம் பிடிப்பது என்று இரண்டு டம்ளருக்கே வைத்தாள்.

தொட்டி கீறல் விட்டிருக்குமோ. கோழிவலைக் கம்பியை வட்டமாக வளைத்துக் கட்டி, உள்ளேயும் வெளியேயும் சிமெண்ட் பூசி, அவரே ஒற்றை ஆளாக நின்று கட்டிய தொட்டி, அன்றைக்கு அவருக்கு முட்டி நன்றாக இருந்தது, உள்ளே இறங்கினார், ஏறினார். இப்போது சம்மணம் போட்டு உட்கார்ந்தாலே எழுந்திருக்க ஒரு கை கொடுக்க வேண்டியிருக்கிறது. கீறல் என்று சொன்னால் அந்த முட்டியோடு உள்ளே இறங்கிவிடுவார். இல்லை, கீறல் இருக்காது, அவர் கட்டினது கீறாது. அப்படியானால் குழாயை யாராவது திறந்து விட்டார்களா. யாராவது என்றால் யார், இருப்பது இரண்டு பேர், ஆடு குழாயைத் திறக்காது. நான்தான் திறந்து விட்டு மறந்தேனோ. கூடப் பிறந்த கிரேஸ் அக்காவுக்கு அப்படித்தானே ஆரம்பித்தது. மாடிக் குழாயைத் திறந்துவிட்டு ராத்திரி பூராவும் மறந்து தூங்கினாள், அப்புறம் அடுப்பை மறந்தாள், அப்புறம் தெருவை மறந்தாள், கடைசியில் என்னைப் பார்த்து நீ எந்த ஊரும்மா என்று கேட்டாள். புஷ்பலீலா கரண்டியைக் கீழே வைத்தாள். நேற்று மத்தியானம் என்ன சமைத்தோம், முருங்கைக் கீரையும் கருவாட்டுக் குழம்பும். முந்தாநாள், சுரைக்காய்க் கூட்டு, முட்டை. அதற்கு முந்தின நாள். அதற்கு முந்தின நாள் என்ன, ஏன் வரவில்லை, சோறு வடித்தது ஞாபகம் இருக்கிறது, அடுப்படியில் கோழி வந்து நின்றது ஞாபகம் இருக்கிறது, குழம்பு மட்டும் வர மாட்டேன் என்கிறது. பருப்புத் துவையல்! அன்றைக்கு அவருக்கு வயிறு சரியில்லை என்று பருப்புத் துவையலும் ரசமும்தான். பெரிய பரீட்சையில் தேறின மாதிரி ஒரு மூச்சு விட்டாள். காப்பி அதற்குள் பொங்கிவிட்டது.

“என்ன தீய்ஞ்ச வாடை வருது?” என்று வெளியிலிருந்து பால்துரை கேட்டார். “கருப்பட்டி பொங்கிட்டு, வாங்க” என்றாள். வந்து, நின்றபடியே டம்ளரை வாங்கிக்கொண்டார், லுங்கி முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தது, முகத்தில் ஒரே தெளிச்சி. இந்த மனுசன் இப்போதெல்லாம் விடியும் முன்னே எழுந்துவிடுகிறார், எருக்குழி வெட்டுகிறேன் என்று கொல்லாமரத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார், சீட்டியடித்துக்கொண்டே வருகிறார். “எருக்குழி இன்னுமா முடியல?” என்றாள். “ஆச்சு, ஆச்சு. நீ அந்தப் பக்கம் வந்திராத, விரியன் கெடந்துச்சுன்னு சொன்னேம்லா.” அவள் பாம்பு என்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறவள், அவருக்குத் தெரியாதா. “நான் எதுக்கு வாரேன்” என்றாள். அவர் குடித்த டம்ளரைக் கவிழ்த்துவைத்துவிட்டு, பழைய கார் வைப்பர் மோட்டாரில் தான் செய்த மின்விசிறி திருகலாகச் சுற்றுவதை அண்ணாந்து பார்த்து, அதற்கு எண்ணெய் விட வேண்டும் என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார். அவள் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கி, ஒரு செம்புத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைப் பப்பாளிக்கு ஊற்றினாள். பப்பாளிக்குத் தெரியும், இவள் வாழ்நாளில் ஒரு சொட்டையும் சும்மா விட்டதில்லை.

ஆட்டை அவிழ்த்துவிட்டு, குட்டி வந்து சேலைத் தலைப்பைக் கடித்து இழுத்ததைத் தட்டிவிட்டு, தீனிக்கு உடை மரத்துக் காயைக் கொட்டி வைத்துவிட்டு நின்றபோது, வெயில் இன்னும் சூடேறவில்லை, காற்று ராத்திரி முழுக்க அடித்து மணலை அயன் பண்ணின துணி மாதிரி ஆக்கி வைத்திருந்தது, அதன்மேல் முதல் கால் வைக்க அவளுக்கு எப்போதும் ஒரு கூச்சம், ஒரு ஆசை. நன்றாகத்தான் இருக்கிறது இந்த இடம் என்று நினைத்தாள். நினைத்த கையோடு அந்தப் பேச்சும் ஞாபகம் வந்தது, எங்கே சுற்றினாலும் கடைசியில் அதில்தான் வந்து மாட்டுகிறது. முதல் கோடை, தொட்டி கட்டாத காலம். விலைக்குத் தண்ணீர் கொண்டுவந்த டிராக்டர் பாதி வழியில் மணலில் புதைந்துவிட்டது, குடம் குடமாக அவள்தான் சுமந்தாள், கொதிக்கிற மணலில் செருப்பு வார் அறுந்து, உள்ளங்கால் கொப்பளித்து, வீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். தொட்டி கட்டுங்க, கட்டின பிறகு என்னிக்கு ஒரு குடம் தண்ணி விலைக்கு வாங்குறோமோ அன்னிக்கே நான் பெனிட்டா வீட்டுக்குப் போயிருவேன், நீங்க இந்த மணலைக் கட்டிக்கிட்டு அழுங்க என்று. அவர் தலையை ஆட்டினார், தொட்டியைக் கட்டினார். அதற்கப்புறம் இந்த வீட்டுக்கு வெளித் தண்ணீர் வந்ததே இல்லை. ஊருக்குள் எல்லாருக்கும் தெரியும், லீலாக்கா வீட்டில் வானத்துத் தண்ணீர்தான் என்று. மகள் பெனிட்டா மட்டும் போனில் பேசும்போதெல்லாம், எப்பம்மா தண்ணி தீரும், ரூம் ரெடியா இருக்கு என்று கேலி பண்ணுவாள்.

அந்த ரூமை அவள் அறிவாள். மூன்றாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு ஜன்னல். குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும், எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, யாருக்கும் கவலை இல்லை, அவள் அங்கே போயிருந்தபோது அலசின தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு ஊற்ற ஒரு செடி தேடி வீடு பூராவும் சுற்றினாள், மருமகன் சிரித்தான். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் அங்கே என்ன செய்வார். நாலு நாள் பேப்பர் படிப்பார், அஞ்சாவது நாள் மிக்ஸியைக் கழற்றிவிடுவார். இல்லை இல்லை, அவர் வரவே மாட்டார், போவேன் என்று சொன்னது நான் மட்டும்தானே, நான் அங்கே, அவர் இங்கே, யார் சமைப்பார்கள், முட்டிக்கு யார் தைலம் தேய்ப்பார்கள். அன்றைக்குக் கால் எரிச்சலில் சொன்னது. இப்போது போ என்று யாராவது கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் அவள் போக மாட்டாள், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த வார்த்தையை அவள் திரும்ப வாங்கவில்லையே. தண்ணீர் இருந்துகொண்டே இருந்தது, வாங்க வேண்டிய வேளை வரவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போது போய், ஏங்க, நான் அன்னிக்குச் சொன்னது சும்மா என்று சொல்வதற்கு வாயும் வரவில்லை, கொஞ்சம் வீம்பும்தான். இப்போது ஐப்பசிக்கு முன்னால் தொட்டி வற்றினால் என்ன செய்வது. வற்றட்டும், நாக்கை நனைத்துக்கொண்டாவது கிடக்கலாம், ஆனால் ஆடு கிடக்குமா, பப்பாளி கிடக்குமா.

தொட்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தாள். கசிவு இருந்தால் எறும்பு வரும், குளவி வந்து ஈர மண் எடுக்கும். ஒரு எறும்பில்லை, ஒரு குளவியில்லை. வெளிச்சுவரில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள், உலர்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல் இல்லாத குழந்தையின் முதுகைத் தொட்ட மாதிரி ஒரு நிம்மதி. அப்போதுதான் தடத்தைப் பார்த்தாள். ராத்திரிக் காற்று மெழுகிவிட்டிருந்த மணலில் அவருடைய கால் தடம், கட்டை விரல் வெளியே சாய்கிற அதே தடம், தொட்டிக் குழாயிலிருந்து கொல்லாமரம் பக்கம் போயிருந்தது, திரும்பி வந்திருந்தது, மறுபடி போயிருந்தது. போன தடம் ஆழமாக இருந்தது. வந்த தடம் லேசாக இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். சுமந்துகொண்டு போயிருக்கிறார், வெறுங்கையாக வந்திருக்கிறார். தினமும் இந்த நேரம் அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போயிருப்பாள், திரும்புவதற்குள் வெயிலில் காற்று கிளம்பித் தடத்தை மூடிவிடும், இன்றைக்கு மட்டைச் சந்தேகத்தில் அவள் இங்கேயே சுற்றியதால் கண்ணில் பட்டது. என் தலை கெட்டுப்போகவில்லை என்பது முதலில் தோன்றியது, அப்பாடா என்று இருந்தது. எருக்குழிக்கு எதற்கு நல்ல தண்ணீர் என்பது அடுத்தாற்போல் தோன்றியது. விரியன் என்று நினைத்தபோது கால் கூசியது, ஆனாலும் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு, ஆழமான தடத்திலேயே பாதம் வைத்து வைத்து நடந்தாள்.

கொல்லாமரத்துக்குப் பின்னால் எருக்குழி இல்லை. மணலில் பாதி புதைந்து, புத்தம் புதிதாக ஒரு தொட்டி நின்றது, பழையதைவிடப் பெரியது. சுற்றிலும் சாக்கு போர்த்தி, சாக்கின்மேல் அவள் எப்போதோ கழித்துப் போட்ட நீலச் சேலையும் போர்த்தி, எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. குடத்தைச் சாய்த்துச் சிமெண்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பால்துரை நிமிர்ந்தார். குடம் கையிலேயே நின்றது.

“பாம்பு எங்க?” என்றாள்.

“எந்தப் பாம்பு?”

“விரியன் கெடக்கு, வராதன்னீகள்ளா, அது.”

“அது... போயிருச்சுளா.”

“போகும், போகும். நீங்க ஊத்துன தண்ணியில நீந்திப் போயிருக்கும். தண்ணி புடிக்கத் தொட்டி கட்டுதேன்னு இருந்த தண்ணிய பூராவும் ஊத்தி வச்சிருக்கீகளே, இத நான் எங்க போய்ச் சொல்லுவேன்? ஈரம் துணிக் கோட்டுக்குக் கீழ நிக்கி, தெரியுமா?”

“தெரியும். போர்த் தண்ணி உப்பு, அதுல கொழச்சா உள்ள கம்பி துருப்புடிச்சிரும். நல்ல தண்ணிதான் வேணும். கொஞ்சந்தான் புடிக்கும்னு நெனச்சேன், காத்துல காயக் காயக் குடிக்கி.” அவர் குடத்தைக் கீழே வைத்தார். “மழ சீக்கிரம் வந்திரும்னு ஒரு இது.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?”

அவர் நனைந்த சேலையை இழுத்து நேராக்கினார், அது நேராகத்தான் இருந்தது. “போன வருசம் மழைக்கு முந்தி ஈரம் குடிக் கோட்டத் தொட்டுச்சு, ஞாபகம் இருக்கா? அன்னையிலேருந்து எனக்கு ஒறக்கம் இல்ல. ஒரு வருசம் மழ ஏமாத்துச்சுன்னா நீ போயிருவ. நீ சொன்னா செய்யுத ஆளு. ஒங்கிட்ட இரு இருன்னு கெஞ்சவா? அது எனக்கு வராது. எனக்குக் கட்டத்தான் தெரியும், கட்டினேன்.”

இத்தனை வருசமாக அந்த வார்த்தை தன்னிடம்தான் கிடக்கிறது, தான்தான் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம் என்று நினைத்திருந்தாள், அது இந்த மனுசனின் பாயில் படுத்து அவரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது, பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டு நான் கிடந்திருக்கிறேன். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அழுகையும் வந்தது, அது யாருக்கு என்று தெரிந்தது. திரும்பி வீட்டுக்குப் போய் போனை எடுத்துக்கொண்டு மணல் மேட்டில் ஏறினாள். மேட்டு உச்சிக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும், கால் ஒரு அடி ஏறினால் அரை அடி சறுக்கும், மூச்சு வாங்கியது. பாதியில் திரும்பிப் பார்த்தாள். அவர் கீழே அசையாமல் அவளையே பார்த்தபடி நின்றிருந்தார், இங்கிருந்து பார்க்கச் சின்ன ஆளாகத் தெரிந்தார். பெனிட்டாவுக்குத்தான் பேசப் போகிறாள் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும், கொஞ்ச நேரம் நினைக்கட்டும், பாம்பென்று சொல்லி ஏமாற்றினதற்கு அது போதும் என்று நினைத்தாள், நினைத்த பிறகு அதுவும் பாவமாக இருந்தது, வேகமாக ஏறினாள்.

“ஐசக் தம்பியா? நான் தேரிக்காட்டு லீலாக்கா. ஒரு லோடு நல்ல தண்ணி வேணும்.” தண்ணீர் வண்டிக்கார ஐசக்குக்கு நம்ப முடியவில்லை. “அக்கா, நீங்களா? நீங்க விலைக்கு வாங்க மாட்டீகளே, ஊருக்கே தெரியுமே! அண்ணாச்சி நல்லா இருக்காகள்ளா?” “அவுக நல்லாத்தான் இருக்காக. சாயந்தரத்துக்குள்ள வா.” “வாரேன்க்கா. பாதையில பனை ஓல வெட்டிப் பரப்பி வைங்க, இல்லன்னா டயர் பொதஞ்சிரும்.” போனை வைத்தபோது காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. மேட்டின்மேல் இருந்து வீடு, ஆடு, பப்பாளி, இரண்டு தொட்டி எல்லாம் தெரிந்தன, ரொம்பக் கொஞ்சம்தான், இந்தப் பெரிய சிவப்பில் ஒரு பாய் விரிக்கிற இடம், அவளுக்கு அது போதும் என்று நிறைவாக இருந்தது. இறங்கும்போது கால் தானாக ஓடியது.

பால்துரை முகம் கழுவாமல், எங்கிருந்தோ ஒரு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு புதுத் தொட்டியடியில் நின்றார், பொத்தான் ஒன்று மேலும் கீழுமாக இருந்தது.

“பெனிட்டா என்ன சொல்லுதா?” என்றார். “எப்ப வாரா கூட்டிட்டுப் போக?”

“அவகிட்ட யாரு பேசுனா? ஐசக்குகிட்ட ஒரு லோடு தண்ணி சொல்லியிருக்கேன். சாயந்தரம் வருது.”

“விலைக்கா?”

“பின்ன, சும்மாவா தருவான்?”

“சரிளா. பேச்சு பேச்சுதான். நான் தடுக்க மாட்டேன்.” சட்டைப் பொத்தானை அவிழ்த்து மறுபடி தப்பாகவே மாட்டினார். “பஸ் ஏத்திவிட நானே வாரேன்.”

“அந்தப் பேச்சு அந்தத் தொட்டிக்குப் பேசுனது” என்றாள் புஷ்பலீலா, வீட்டோரத்துத் தொட்டியைக் கையால் காட்டி. “அதுல ஒரு சொட்டு வெளித் தண்ணி எறங்காது. லோடு இந்தப் புதுசுலதான் எறங்குது. பச்சச் சிமெண்டு, உள்ள தண்ணி நின்னாத்தான் இறுகும், நீங்க குடம் குடமா ஊத்தி என்னிக்கு இறுகுறது? இந்தத் தொட்டிக்கு நாம இன்னும் ஒரு பேச்சும் பேசலியே.”

பால்துரை அந்தத் தொட்டியைப் பார்த்தார், இந்தத் தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பார்த்தபடியே பின்னால் நகர்ந்து, முட்டி தாங்காமல் புதுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது.

“எந்திங்க” என்றாள் அவள், ஒரு கையை நீட்டி. “பச்சச் சுவருல உக்காராதீக.”